பொத்தான் அக்கா எழுதிய வருமானம்

இந்த ஊரில் எந்தச் சுவருக்குள் எந்தக் கேபிள் ஓடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன், ஏணியும் தோளுமாக அலைந்து, இன்று நாற்பது தெருக்களுக்கு இணையம் கொடுக்கிறேன். சும்மா வந்துவிடவில்லை.

வருமானம் குறைந்த வீடுகளில் பாதிக் கட்டணத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று மாநில அரசு சட்டம் போட்டபோது முதலில் எதிர்த்துக் குதித்தவன் நான்தான். அந்தச் சட்டப்படி முதல் இணைப்பைக் கொடுத்தவனும் நான்தான். வந்த விண்ணப்பங்களில் ஒன்றே ஒன்று, வருமானம் வரம்பைத் தாண்டியதால், நிராகரிக்கப்பட்டது. பொத்தான் அக்காவுடையது.

என்னைவிடச் சின்னவள், ஆனாலும் ஊருக்கே அக்கா. துணி தைப்பவள். அறுந்த பொத்தானைத் தைத்துக் கொடுத்தால் காசு வாங்கமாட்டாள். லாரி ஓட்டிய அவள் கணவருக்குப் பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. மதியந்தோறும் எங்கோ இருக்கும் ஓர் ஆசிரியை கைப்பேசித் திரையில் வந்து, அவரிடமிருந்து ஒவ்வொரு சொல்லாக மீட்டெடுக்கிறார். முழுக் கட்டணம் கட்ட இனி அக்காவால் முடியாது. மாதம் முடிந்தால் இணைப்பு போய்விடும், பாடமும் நின்றுவிடும்.

நானே நேரில் போனேன். கொடியில் தொங்கிய, தைத்து முடிக்காத சட்டைகள் மின்விசிறிக் காற்றில் தூக்கத்தில் புரள்வதுபோல் அசைந்தன. திரையில் ஆசிரியையின் உதடுகள் மெல்லத் திறந்து மூடின. அக்காவின் கணவர் அதையே பார்த்திருந்தார். வந்த காரியமே எனக்குக் கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று.

பள்ளி திறக்கும் மாதத்தில் சீருடை தைத்துச் சம்பாதித்ததை விண்ணப்பத்தில் மாத வருமானம் என்று எழுதியிருந்தாள்.

“ஏம்மா, மாசாமாசம் இவ்வளவு வருதா? எனக்கும் ஒரு மெஷின் போட்டுக் குடு, நானும் தைக்கிறேன்.”

“கிண்டலா அண்ணே? அந்த மாசம் அவ்வளவு வந்தது நிஜம்தானே?”

“மத்த பதினொரு மாசம்?”

“அதை எதுக்கு ஊருக்கு எழுதிக் காட்டணும்? நான் யார்கிட்டயும் கை நீட்டினதில்ல.”

“இது கை நீட்டுறதில்லம்மா, சட்டம். நான் குடுக்கலைன்னா என் சட்டையப் பிடிச்சுக் கேக்கலாம்.”

“உங்க சட்டையா? காலர் நைஞ்சு கிடக்கு. பிடிச்சா கையோட வந்துடும்.”

அவள் கணவர் சிரித்தார். சிரிப்பு அடங்கியும் வாய் மூடவில்லை. தாடை நடுங்கியது. திரையில் ஆசிரியை அசையாமல் காத்திருந்தார்.

“எ... எழுது.”

அக்கா அவரையே பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்துப் பன்னிரண்டு மாதத்தையும் வரிசையாக எழுதிக் கூட்டினாள். வகுத்தலுக்கு முன்பே பள்ளியை விட்டவன் நான். பன்னிரண்டால் வகுப்பதையும் அவளே போட்டாள்; மாத வருமானம் வரம்புக்குள் வந்தது.

ஆசிரியை அடுத்த சொல்லுக்கு உதட்டைக் குவித்தார். அவரும் குவித்தார்.