வூட்டு வண்டியை விற்ற பிறகு

வேனை வாங்கிக்கொண்டு போன அடுத்த வாரமே என் சகலை அதற்குப் புது ஹாரன் மாட்டிவிட்டார். பழைய ஹாரன் தொண்டை கட்டின மாதிரி ஒரு தடவை ஒலித்து அடங்கிவிடும். புதியது ராகம் போடுகிறது. நைனார்பாளையத்தில் உரக்கடை வைத்திருக்கும் அவர், சரக்கெடுக்கக் கள்ளக்குறிச்சி வரும்போதெல்லாம் என் மாவு மில் வாசலில் அதை அடித்துவிட்டுத்தான் போவார். மிஷின் இரைச்சலுக்கு நடுவிலும் எனக்குக் கேட்கும். எட்டிப் பார்க்கக் கூடாது என்று நினைப்பேன். அதற்குள் வாசலில் போய் நின்றிருப்பேன். ஜன்னலில் முழங்கையை வைத்தபடி அவர் என் வேனை ஓட்டிக்கொண்டு போவார். பணம் வாங்கி, பேர் மாற்றி, சாவியும் கொடுத்தாகிவிட்டது. இருந்தும் மனசுக்குள் அதை என் வேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஆட்களோடு பேச வராது. பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு அப்பாவின் மில்லுக்கு வந்தபோது, அங்கே ஓடிய மிஷின் சத்தம்தான் எனக்கு முதலில் பிடித்தது. அது ஓடும்போது நான் பேச வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். நைசாகவா, ரவை மாதிரியா என்று விரலை உரசிக் காட்டுவார்கள். நான் தலையாட்டுவேன். அப்படியே பாதி ஆயுள் போய்விட்டது.

மகளைக் கட்டிக்கொடுத்து வீடு வெறிச்சென்று ஆனபோது அந்த வேனை வாங்கினோம். அதற்கு முன் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்த வண்டி. சீட்டுகளைக் கழற்றிவிட்டு, மடக்குகிற மாதிரி ஒரு பலகைக் கட்டில் போட்டோம். கட்டிலுக்கு அடியில் சின்ன சிலிண்டர், அடுப்பு, தண்ணீர் கேன். ஜன்னல்களுக்கு என் மனைவி கொசுவலை தைத்தாள். கதவின் உட்பக்கத்தில் எந்தப் பிள்ளையோ பேனாவால் ஒரு மீன் வரைந்திருந்தது. அதை அழிக்காமல் விட்டுவிட்டோம். தெருவில் அதற்கு வூட்டு வண்டி என்று பேர் வைத்தார்கள். எனக்கும் வூட்டு வண்டிக்காரர் என்று பேர் வந்தது. மில்காரர் என்பதைவிட அது எனக்குப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் மில்லைச் சாத்திவிட்டுக் கிளம்புவோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி மலை ஏறினால் கரியாலூர். அதற்கும் அப்பால் தார் ரோட்டிலிருந்து ஒரு மண் பாதை பிரிகிறது. எந்த இடத்தில் என்று நான் எழுதப்போவதில்லை. ஏற்கெனவே ஒருத்தருக்குத் தெரிந்ததே போதும். பாதையில் கொஞ்ச தூரம் போனால் இரண்டு பாறைகள் எதிரெதிராக நிற்கும். பக்கக் கண்ணாடிகளை மடக்கிவிட்டால் வேன் மட்டும் நுழையும். என் மனைவி முன்னால் இறங்கி நின்று, வா வா என்று கையசைப்பாள். அதைத் தாண்டினால் ஒரு சாமைக் காடு, அதன் ஓரத்தில் ஒரு பலா மரம். அந்த நிழல்தான் எங்கள் இடம்.

காடு ஒரு மலைக்காரத் தம்பதியுடையது. என் மனைவி இறங்கிப் போய் அந்த அம்மாவோடு களை பறிப்பாள், கதை பேசுவாள். நான் டிரைவர் சீட்டை விட்டு இறங்க மாட்டேன். இறங்கினால் எங்கே நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியாது. அதற்காக அவர்கள் என்னை விட்டுவிடவில்லை. அந்த அம்மா டீயை ஜன்னல் வழியாக நீட்டுவாள். பலாச்சுளை வந்தாலும் ஜன்னல் வழியாகத்தான். அவள் வீட்டுக்காரர் வேலை முடிந்ததும் என் பக்கத்துக் கதவில் ஒரு கையை ஊன்றி நின்றுகொண்டு மேகத்தைப் பார்ப்பார்.

"வருமா?" என்பார்.

"வரும் போலதான் இருக்குது" என்பேன்.

அதற்கப்புறம் இரண்டு பேரும் மேகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். எங்கள் நாய் என்று ஒன்று கிடையாது, ஆனால் அவர்கள் நாய் எங்கள் வேனைக் கண்டு ஒரு நாளும் குரைத்ததில்லை.

வேனை மாற்ற வேண்டும் என்று சொன்னது என் மனைவி. அவளுக்கு இடுப்பு வலி வந்துவிட்டது. "நிமுந்து நின்னு ஒரு பொடவ கட்ட முடியுதாங்க இதுல? கூனிகினே எத்தினி நாளு?" என்றாள். நியாயம்தான். ஒரு காதுகுத்தில் பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது இந்தப் பேச்சை அவளே எடுத்தாள். எதிரில் சகலை உட்கார்ந்திருந்தார்.

"சகல, வண்டிய வெளிய கிளிய குடுத்துறாதீங்க. நம்ம வூட்டுக்குள்ளயே இருக்கட்டும்" என்றார்.

சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் அதுதான் சரி என்றார்கள். அத்தனை பேர் முன்னால் நான் என்ன சொல்வது? வெற்றிலையை மென்றேன். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

முகம் தெரியாத யாருக்காவது விற்றிருந்தால் அது எங்கேயோ போயிருக்கும். நானும் விட்டிருப்பேன். இது போகவில்லை. அதுவும் என் மனைவி, சாவி கொடுத்த அன்றைக்கே, சமையல் குறிப்பு சொல்கிற மாதிரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "அந்தப் பாறைகிட்ட கண்ணாடிய மடக்கிக்குங்க தம்பி. மரத்துக்கு மேற்கால நிறுத்துனா வெயிலு வராது. அந்த அம்மாவுக்கு வெத்தலன்னா உசுரு, மறக்காம வாங்கிகினு போங்க." நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

புது வேனை உளுந்தூர்பேட்டையில், ஹைவேயில் பழைய வண்டி விற்கும் ஒரு இடத்தில் பார்த்தோம். பெரிய வண்டி. நான் டேப் கொண்டுபோயிருந்தேன். என் மனைவி கொண்டை போட்டுப் பூ வைத்துக்கொண்டு உள்ளே நிமிர்ந்து நின்றாள். தலைக்கு மேல் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தேன். விற்கிறவர் சிரித்தார். "இன்னாங்க சார், வண்டி வாங்கறீங்களா, ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கறீங்களா?" கொண்டைக்கு மேல் ஒரு சாண் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் வாங்கிவிட்டேன். உயரத்தை இரண்டு தடவை அளந்தவன், அகலத்தை ஒரு தடவை கூட அளக்கவில்லை.

முதல் பயணத்திலேயே அது தெரிந்துவிட்டது. பாறைகளுக்கு முன்னால் அவள் இறங்கி நின்று வா வா என்று கையசைத்தாள். கொஞ்ச நேரத்தில் கை எதிர்ப்பக்கமாக ஆடியது. "வாணாங்க, வாணாம், நிறுத்துங்க!" கண்ணாடியை மடக்கினால் போதாது. கதவையே கழற்றினாலும் போதாது. பின்னாலேயே நகர்த்தித் தார் ரோட்டுக்கு வந்து, ஒரு டீக்கடை பக்கத்தில் நிறுத்தினோம். பஸ் வந்து நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், ஒவ்வொருத்தரும் வண்டியைச் சுற்றிப் பார்த்தார்கள். டீக்கடை அம்மா உள்ளே வந்து கட்டிலைத் தட்டிப் பார்த்தாள்.

என் மனைவிக்கு அது பிடித்துவிட்டது. "இங்கயே நல்லாத்தான் இருக்குது. நாலு மன்சாள பாக்கலாம்" என்றாள். நான் திரையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை மில் வாசலில் ஹாரன் ராகம் போட்டது. சகலையும் மச்சினியும் இறங்கினார்கள். மச்சினி கையில் பாதிப் பலாப்பழம்.

"மாமா, உங்க மலைலருந்துதான். சாப்ட்டுப் பாருங்க, தேன்தான்."

சகலை செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். ஒரு போட்டோவில் வேனுக்குள் கட்டிலில் அந்த மலைக்கார அம்மா உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் எங்கள் வேனுக்குள் வந்ததே இல்லை. உள்ளே வாங்க என்று நான் கூப்பிட்டதும் இல்லை. இன்னொரு போட்டோவில் கதவு தெரிந்தது. மீன் இருந்த இடத்தில் ஒரு மயில் ஸ்டிக்கர்.

"வூட்டு வண்டிக்காரரு எங்கன்னு கேட்டுச்சு சகல அந்தம்மா. இப்ப நான்தாம்மா வூட்டு வண்டிக்காரன்னு சொல்லிட்டேன். ஒரே சிரிப்பு!"

அவர் நல்ல மனிதர். எனக்கு உடம்பு சரியில்லாதபோது ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் இருந்தவர். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்த வண்டி மலைப் பாதையில் புகைந்துபோய் நிற்க வேண்டும் என்று அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டே மிளகாய் அரைத்தேன். பலாப்பழத்தைத் தொடவில்லை. சாயந்திரம் தொட்டேன். தேன்தான். அதனால் இன்னும் எரிந்தது.

அதற்குப் பிறகு அந்த வேன் வாசலில் நின்றால் அதைச் சுற்றி வந்து பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் பின்பக்கம் கோடு போட்ட மாதிரி ஒரு கீறலைப் பார்த்தேன். உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. சகலை அந்தப் பக்கம் போனதும் எச்சிலைத் தொட்டு அதைத் தேய்த்துப் பார்த்தேன், போகிறதா என்று. என் மனைவி பார்த்துவிட்டாள்.

"அந்த வண்டிய தடவிகினு இருந்தா இந்த வண்டிய யாரு கழுவறது?" என்றாள்.

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மறுபடியும் மலைக்குப் போனோம். டீக்கடை பக்கத்தில் நிறுத்தும்போதே மண் பாதையில் ஈரமான டயர் தடம் கண்ணில் பட்டது. அந்தத் தடத்தை எனக்குத் தெரியும். பின் சக்கரம் ஒன்று ஓரமாகத் தேய்ந்தது. சகலை அங்கே இருக்கிறார்.

என் மனைவி ஏற்கெனவே டீக்கடை அம்மாவோடு பேச ஆரம்பித்துவிட்டாள். "சும்மா இப்படி நடந்துட்டு வரேன்" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அப்படி ஒரு வார்த்தையை நான் சொல்லி அவள் கேட்டதில்லை.

அந்தப் பாதையில் அதற்கு முன்பு நான் கால் வைத்ததே இல்லை. வேனில் போகும்போது அது இவ்வளவு ஏற்றம் என்று தெரியாது. பாறை இடுக்கில் ஒரு ஊற்று கசிகிறது என்பதும் தெரியாது. செருப்பு வழுக்கியது. மூச்சு வாங்கிக்கொண்டு மேலே போனேன். மரத்தடியில் வேன் நின்றது. மூக்கைத் திருப்பி வைத்து நிறுத்தியிருந்தார். நான் எப்போதும் காட்டைப் பார்த்து நிறுத்துவேன். அவர் வழியைப் பார்த்து நிறுத்தியிருந்தார். சகலை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த மலைக்காரரோடு வரப்பில் குந்தி உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். என்னோடு அவர் சிரித்ததில்லை, மேகத்தைத்தான் பார்ப்பார்.

திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். அதற்குள் நாய் பார்த்துவிட்டது. எகிறி எகிறிக் குரைத்துக்கொண்டு என் மேல் வந்தது. எந்த நாய்? அதே நாய்.

"யாரு அது?" என்று அந்த அம்மா குரல் கொடுத்தாள்.

என்னால் பேர் சொல்ல முடியவில்லை. "வூட்டு வண்டி..." என்றேன். அது எனக்கே அபத்தமாக இருந்தது. வண்டி அதோ நிற்கிறது, வேறொருவருடையதாக.

அவள் கிட்டே வந்து பார்த்தாள். கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "அட, அண்ணனா! நாயே, போ அந்தாண்ட. இத்தினி வருசமா ஜன்னல்ல மூஞ்சிய மட்டுந்தான பாத்துகினு இருந்தேன். இம்மாம் ஒசரமா நீங்க? கீய எறங்காம இருந்தா எங்களுக்கு இன்னா தெரியும்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சகலை ஓடி வந்தார். "இன்னா சகல, நடந்தா வந்தீங்க? சொல்லியிருந்தா நான் வந்து இட்டாந்திருப்பேனே. வாங்க, ஒக்காருங்க" என்று டிரைவர் கதவைத் திறந்துவிட்டார்.

ஆசையாகத்தான் ஏறினேன். முழங்கால் இரண்டும் ஸ்டீரிங்கில் இடித்தது. அவர் குட்டை. சீட்டை முன்னால் தள்ளி வைத்திருந்தார். பக்கத்தில் மயில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இறங்கிவிட்டேன். இறங்கி எங்கே உட்காருவது என்று பார்த்தேன். அந்த அம்மா ஒரு கல்லைக் காலால் நகர்த்திப் போட்டாள். அதில் உட்கார்ந்தேன். டீ வந்தது. மலைக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். ஊன்றிக்கொள்ளக் கதவு இல்லாததால் அவருக்கும் கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை போலிருந்தது. கடைசியில் அவரும் குந்தினார்.

"உங்க பெரிய வண்டிய ஏன் கொண்டாரல?" என்றார்.

"பாறையில நுழையல."

"அந்தக் கல்லு ஓரத்த கடப்பாற போட்டு ஒடச்சா வந்துரும். ஒரு நாளு வேலதான்."

"அட, நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் சகலை. "அடுத்த வாரமே ஆள இட்டாந்து ஒடச்சிடுவோம். சகலக்காக இது கூட செய்ய மாட்டனா?"

எனக்கு அப்படியே தெரிந்தது. பாறையையும் அவரே உடைப்பார். நான் ஒவ்வொரு தடவை நுழையும்போதும் அவர் உடைத்த வழியில்தான் நுழைய வேண்டும்.

"வேணாம்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. நாய் கூடத் திரும்பிப் பார்த்தது. "கல்லு இருக்கட்டும். நான் நடந்தே வரேன்."

மலைக்காரர் என்னைப் பார்த்தார். அப்புறம் மேகத்தைப் பார்த்தார். "வருமா?" என்றார்.

"வராது போல" என்றேன்.

கிளம்பும்போது அந்த அம்மா இரண்டு பலாப்பழம் கொண்டுவந்து வைத்தாள், அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. என்னுடையது பெரியது. நன்றாகப் பார்த்தேன், பெரியதுதான்.

"பழத்தோட எப்டி நடப்பீங்க? ஏறுங்க சகல, ரோட்டுல வுட்டுடறேன்" என்றார்.

"நடக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் துண்டைத் தோளில் மடித்துப் போட்டுப் பழத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினேன். முள் துண்டைத் தாண்டிக் குத்தியது. பால் கழுத்தில் ஒட்டியது. பாறைகளுக்குப் பக்கத்தில் வரும்போது பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது. அது எந்த கியரில் வருகிறது என்று கூட என்னால் சொல்ல முடிந்தது. அப்புறம் ஹாரன் ராகம் போட்டது.

"சகல, கொஞ்சம் ஒத்திக்குங்க!"

ஒதுங்கி நிற்க இடம் இருந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் பாறை இடுக்குக்குள் நுழைந்தேன். பழம் நல்ல கனம், மெதுவாகத்தான் நடக்க முடியும். பாதி தூரத்தில் நின்று அதை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டேன். பின்னால் அவர் கண்ணாடிகளை மடக்கும் சத்தம் கேட்டது.