வெந்நீர்த் தொட்டியைத் துடைத்தாளா

பரிசோதனைக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் 'மெழுகக்கா'. நோயாளியிடம் எடுத்த சதைத் துணுக்கை மெழுகுக்கட்டியில் பதித்து, மெல்லிசாகச் சீவி, வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்துவது பத்தொன்பது வருஷமாக அவள் வேலை. "அங்க காத்து மாதிரி சீவுறா, வீட்டுல வெங்காயத்த விறகு மாதிரி வெட்டுறா" என்று வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அன்று பதினோரு மணிக்கு டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டார். மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏம்மா, இந்த மூத்திரப்பைக்கு முன்னாடி என்ன வெட்டுன?"

"இரைப்பை சார். புற்றுநோய்னு நேத்தே சொன்னீங்களே, அது."

நாற்காலியைத் தள்ளி இடம் விட்டார். "பாரு."

தகட்டின் ஓரத்தில், மற்ற சதையோடு ஒட்டாமல் ஒரு பொட்டு. அதில் சளி நிரம்பி, கரு ஒரு பக்கம் ஒதுங்கிய செல்கள். கல் வைத்த மோதிரங்கள் போல இருந்தன. இரைப்பைப் புற்றில் அடிக்கடி பார்க்கிறவைதான். மூத்திரப்பையில் அவள் பார்த்ததேயில்லை.

"நடுவுல தொட்டியத் தொடச்சியா?"

"தொடச்சிருப்பேன் சார்."

"இருப்பேன்னா? மத்த இடத்துல வெறும் புண்ணுதான். இது இந்த நோயாளியோடதுன்னா மூத்திரப்பையையே எடுக்க வேண்டி வரும். அதே மெழுகுக்கட்டியில இன்னும் ஆழமா வெட்டு."

ஒவ்வொரு கட்டிக்கும் பிறகு தண்ணீரின் மேல் தாளை இழுத்துத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரின் சதை மிதந்து அடுத்தவர் தகட்டில் ஏறிவிடும். துடைத்தாளா? கை தானாகச் செய்வதை மனசு எங்கே குறித்துவைக்கிறது?

"நான் தொடச்சத நீ பாத்தியாடி?" என்று பக்கத்து மேசைப் பெண்ணிடம் கேட்டாள்.

"கவனிக்கலையேக்கா."

தண்ணீரை மாற்றினாள். பிளேடை மாற்றினாள். படிவத்தில் 'ஆண், 44, பஸ் டிரைவர்' என்றிருந்தது. வெட்டிச் சாயத்தில் போட்டாள். இனி ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

வீட்டுக்காரர் போன் செய்தார். "சாப்டியா?"

"தொட்டியத் தொடச்சேனான்னு ஞாபகம் வரல."

"மாடித் தொட்டியா? அத போன வாரம் நாந்தானே கழுவுனேன்?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. புதுத் தகட்டில் அந்த மோதிரங்கள் இல்லாமல் இருக்கட்டும், அந்த மனுஷன் வீட்டுக்குப் போகட்டும் என்று நினைத்தாள். ஆனால் அப்படியென்றால் துடைக்க மறந்தது அவள்தான். இந்த ஒரு தடவை மறந்திருந்தால், இத்தனை வருஷத்தில் எத்தனை நாள் மறந்திருப்பாள்? அந்தத் தகடுகளெல்லாம் யார் யாருடையவை?

தகடு தயாரானதும் டாக்டருக்கு முன்பே அவள் வைத்துப் பார்த்தாள். மோதிரங்கள் இருந்தன. இந்த முறை ஓரத்தில் இல்லை; மூத்திரப்பையின் தசை நார்களைப் பிரித்துக்கொண்டு உள்ளே வரிசையாகப் போயிருந்தன. மிதந்து வந்தது அப்படி உள்ளே நுழையாது.

அப்பாடா என்று ஒரு மூச்சு வந்துவிட்டது. வந்த பிறகுதான் அவள் காதிலேயே விழுந்தது. படிவத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். "அவரோடதுதான். அபூர்வமான வகை. வேற எங்கிருந்தாவது பரவுனதான்னும் பாக்கச் சொல்லணும். உன் மேல தப்பில்லம்மா."

"சரிங்க சார்."

மேசைக்குத் திரும்பி அடுத்த கட்டியை எடுத்தாள். எடுத்ததைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் மேல் தாளை இழுத்தாள். இன்னொரு தரமும் இழுத்தாள்.

"தொடச்சாச்சு" என்றாள் பக்கத்து மேசையிடம். "பாத்துக்கிட்டல்ல?"