இருட்டுக்குக் காவல்

பிறர் நிம்மதியாகத் தொழ வேண்டும் என்பதற்காகத் தான் வாசலிலேயே நின்றுவிடுகிற ஒருவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பக்தி என்றா, பிடிவாதம் என்றா? எங்கள் தெரு எலக்ட்ரீஷியனைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழும். அவருக்குத் தெருவில் ‘ஃபியூஸ்’ என்று பெயர். எதற்கெடுத்தாலும் முதலில் எரிந்துவிடுவார்.

ரமலான் மாதம் முழுக்கப் பள்ளிவாசல் தெருவில் கூடும் இரவுச் சந்தை அவர் தொடங்கியது. வீட்டுக்குள்ளேயே தைத்தும் விற்றும் வந்த பெண்களைத் தெருவுக்கு வரவழைத்தவர் அவர்தான். பிறை தெரிவதற்கு முன்பே சாக்கட்டியோடு இறங்கி, ஒவ்வொரு கடைக்கும் தரையில் கட்டம் போடுவார். நடுவில், சக்கர நாற்காலி ஒன்று தடையில்லாமல் பள்ளிவாசல் வரை போகும் அளவுக்கு வழி விடுவார். கோட்டைத் தாண்டி ஒரு ஜோடிச் செருப்பு வந்தாலும் காலால் உள்ளே தள்ளுவார்.

சந்தையில் அவர் வைத்த விதி ஒன்றுதான். இரவுத் தொழுகைக்குப் பாங்கு ஒலித்ததும் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். தொழுகை முடியும்வரை எல்லாக் கடைகளும் இருட்டில் இருக்கும். ஒருவர் தொழப் போன நேரத்தில் இன்னொருவர் அவருடைய வியாபாரத்தையும் சேர்த்து அள்ளக் கூடாது. சுவிட்ச் பெட்டியைப் பூட்டி, அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். அதனால் அந்த மாதத்தில் மற்றவர்களோடு வரிசையில் நின்று தொழ அவருக்கு வாய்த்ததில்லை. சந்தை கலைந்த பிறகு வீட்டில் தனியாகத் தொழுவார்.

விதி நியாயமானதுதான். ஆனால் நியாயத்துக்குக் காவல் இருப்பவர் மீது அதிகாரத்தின் ருசியும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். அவர் மீதும் ஒட்டியிருந்தது.

ஒரு வருடம் எதிர்ச்சாரியில் மூன்று மாடித் துணிக்கடை வந்தது. அங்கே விளக்கு அணைவதே இல்லை. அடி விழுந்தது அவருடைய தங்கைக்கு. கணவனை இழந்தவள். ஆண்டு முழுக்கத் தைத்த குழந்தை உடைகளை இந்த ஒரு மாதத்தில்தான் விற்பாள். விற்காமல் போனால் மகளை விட்டுவிட்டு, தொலைவில் ஒரு தொழிற்சாலை விடுதிக்குப் போய்ச் சேர வேண்டியதுதான்.

ஒரு மாலை, நோன்பு திறந்து டீ குடித்துக்கொண்டிருந்த அண்ணனிடம் பொரிந்து தள்ளினாள்.

“அண்ணே, நீ சுவிட்சை இறக்குன உடனே எதிர்க்கடைக்காரன் உனக்காகக் கையேந்தி துஆ செய்றான், தெரியுமா?”

“தொழுகை நேரம்மா. கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?”

“நான் பொறுப்பேன். கைக்குழந்தையத் தூக்கிட்டு வர்றவ பொறுப்பாளா? சட்டை என்ன நிறம்னு தடவிப் பாத்தா வாங்குவா?”

பக்கத்துக் கடை அத்தர்காரர் சிரித்தார். “எனக்குக் கவலையில்ல. என் சரக்கு இருட்டுலயும் மணக்கும்.”

“மாமா, நீங்க வேற வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க.” அண்ணனிடம் திரும்பினாள். “பெருநாள் முடிஞ்சதும் நான் பெட்டியைக் கட்டுறேன். புள்ளைய நீதான் பாத்துக்கணும்.”

“உனக்காக லைட்டைப் போட்டா ஊரு என்னைக் கேக்காதா?”

“ஊருக்குப் பயப்படுறியா, அல்லாஹ்வுக்கா? அத முதல்ல முடிவு பண்ணு. நோன்பு மாசத்துல நீ உள்ள போய்த் தொழுது எத்தன வருஷமாச்சு? சுவிட்ச் பெட்டிக்குக் காவல் இருந்தா நன்மை எழுதிடுவாங்களா?”

அது கொஞ்சம் அதிகம். அவளுக்கே தெரிந்திருக்கும், காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். ஃபியூஸ் எரியவில்லை. டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்தார்.

பாங்கு ஒலித்ததும், பெட்டியின் சாவியைத் தங்கையின் கடையில், மடித்து வைத்த சட்டைகளின் மேல் வைத்தார். “பாத்துக்க” என்றார். உள்ளே போய், தெரு கண்ணில் படாத முன்வரிசையில் நின்றார்.

அன்று விளக்குகள் அணையவில்லை. சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு அவள் விற்றாள். கைக்குழந்தைக்காரிகள் எதிர்ச்சாரிக்குப் போகவில்லை. தொழுதுவிட்டு வந்த வளையல்காரர், சாக்குப் போட்டு மூடிய தன் கடையையும் ஜொலிக்கிற மற்ற கடைகளையும் மாறி மாறிப் பார்த்தார். எலக்ட்ரீஷியனை வழியிலேயே மறித்தார்.

“இதுக்குத்தானா பாய், இத்தன வருஷம் எல்லாரையும் இருட்டுல உக்கார வெச்சீங்க?”

அவர் நேராகத் தங்கையின் கடைக்குப் போனார். அவள் அண்ணன் முகத்தைப் பார்க்காமலே சாவியை நீட்டினாள். வாங்கிக்கொண்டார்.

அந்தப் பெருநாளுக்குப் பிறகு அவள் எங்கும் போகவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். தெரு இன்றும் பேசுவது மறுநாள் இரவைப் பற்றி. இனிமேல் சாவி அவள் கைக்குப் போகாது என்று அத்தர்காரர் அடித்துச் சொன்னார். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். எடுத்து வைக்க வேண்டிய துணிகளை முன்கூட்டியே மடித்துக்கொண்டிருந்தாள்.

பாங்கு ஒலித்தது. அவர் சுவிட்சைத் தொடவில்லை. சாவியை மறுபடியும் தங்கையிடமே கொடுத்தார். கடையை மூடுவதா வேண்டாமா என்று தயங்கி நின்ற வளையல்காரரின் தோளைத் தொட்டு, “வாங்க, நேரமாச்சு” என்று அழைத்துக்கொண்டு உள்ளே போனார்.