காது கேட்காதவருக்கு ஒரு தொலைபேசி

அன்று அந்த ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள்: கட்டிலில் என் மாமனார், பக்கத்தில் நான், கால்மாட்டில் என் மகள், முகக்கவசம் போட்ட டொக்டர், ஒரு தாதி. இன்னொருத்தி தொலைபேசிக்குள் இருந்தாள்.

மாமா குளியலறையில் வழுக்கி விழுந்து வந்தவர். இடுப்பு ஆறி நடக்கத் தொடங்கிவிட்டார். அவரை வீட்டுக்கு விடுவதா, முதியோர் இல்லத்துக்கு அனுப்புவதா என்று முடிவுசெய்ய அன்றைக்கு ஞாபகசக்திப் பரிசோதனை.

போனதும் அவருடைய காது மெசினைத்தான் தேடினேன். மேசையில் பல்செட் போடுகிற டப்பா. அதற்குள் தண்ணீர். தண்ணீருக்குள் இரண்டு மெசினும் ஊறிப்போய்க் கிடந்தன. மாமாவுக்கு வாயில் இருப்பதெல்லாம் சொந்தப் பல். யாரோ பல்செட் என்று நினைத்துப் போட்டிருக்கிறார்கள். அவருடைய மூக்குக்கண்ணாடி அம்புலன்ஸில் தொலைந்ததோடு சரி, யாரும் தேடவில்லை.

"மெசின் இல்லாட்டி இவருக்கு ஒண்டும் கேக்காது எண்டு சொல்லு புள்ள."

எனக்குப் பிரெஞ்சு வராது, மகள்தான் டொக்டரிடம் சொன்னாள். தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்திருக்கிறோம், குடும்பத்தவர் நடுவில் பேசக்கூடாது என்றார் டொக்டர். அந்த மொழிபெயர்ப்பாளர் வந்தது தொலைபேசியில்! தாதி ஸ்பீக்கரைப் போட்டு, மாமாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"வணக்கம் ஐயா. நான் அஞ்சு வார்த்தை சொல்றேன், திருப்பிச் சொல்லுங்க," என்றது சென்னைக் குரல். "ஐயா, கேக்குதுங்களா?"

மாமாவுக்குத் தெரிந்தது மங்கலாக ஒரு கை, அதில் ஒரு போன். எங்கள் வீடுகளில் வயதானவரின் முகத்துக்கு நேரே போனை நீட்டினால் அது ஊரிலிருந்து வந்த அழைப்பு. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"தங்கச்சியா? நான் சுகமா இருக்கன். கூரைக்குக் காசு வாற மாசம் மறுகா அனுப்புறன். வைக்கட்டா?"

குரல் கொஞ்சம் திணறிவிட்டு அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னது. டொக்டர் எழுதிக்கொண்டு மகளிடம் ஏதோ சொன்னார்.

"அம்மா, அப்பப்பாக்கு மறதி நோயாம். தனிய விடேலாதாம்."

"மறதியோ? ஊரில கூரை ஒழுகிறது வரைக்கும் ஞாபகம் வச்சிருக்கிற மனிசனுக்கோ?"

நான் எட்டாம் ஆண்டோடு படிப்பை விட்டவள், டொக்டர்மாரைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்றைக்குக் கத்திவிட்டேன். டப்பாவைத் தூக்கி டொக்டரின் மூக்குக்கு முன்னால் பிடித்தேன். தண்ணீர் என் கையில் வழிந்தது. மாமா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் புள்ள கை ஈரமாக்கிடக்கு? அழுறியோ? ஊரில ஆருக்கும் ஏதுமோ?" என்று கேட்டார்.

மெசினோடு வந்தால் திரும்பவும் சோதிக்கலாமாம். அதுவரைக்கும் அவர் பெயர் முதியோர் இல்லத்துப் பட்டியலில் இருக்குமாம். தனிப்பட்ட பொருளுக்கு ஆஸ்பத்திரி பொறுப்பில்லையாம். மெசின் விற்ற கடைக்காரரோ பழையதின் தவணைக்காசு கட்டி முடியாமல் புதியது தரமாட்டார்.

அதற்கு இன்னும் கட்ட வேண்டியது ஆயிரத்து நானூற்று இருபது டொலர்.