துணி காயாத சொர்க்கம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நீல நிறக் கார் எங்களைப் படம் பிடித்துக்கொண்டு போனது.

எங்களை என்றால் என்னையும் வீரப்பனையும். மலைச்சாலையில் ரிங்லெட்டைத் தாண்டி, தேயிலைத் தோட்டத்துக்குப் பிரியும் சிம்பாங்கில், அதாவது சந்தியில், இருவரும் தூறலில் நின்றுகொண்டிருந்தோம். வீரப்பன் தோட்டத்து ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்ப்பவர். அன்றைக்கு வெளுத்த வேட்டி, நெற்றியில் பட்டையாக விபூதி, கையில் குடை. மகள் செல்வியைப் பெண் பார்க்கக் கீழே கிள்ளானிலிருந்து வருகிறார்கள். சந்தியில் வழி தவறிவிடக் கூடாதே என்று காலையிலேயே வந்து நின்றுவிட்டார்.

நான் எதற்கு? "நம்ம பக்கமும் ஒரு கவர்மெண்டு ஆளு இருந்தா நல்லது சார்" என்று கூப்பிட்டிருந்தார். தானா ராத்தாவில் அரசாங்க அலுவலகத்தில் நாற்காலி தேய்க்கும் எனக்கு வேறு எங்கே இந்த மரியாதை கிடைக்கப் போகிறது? போனேன்.

காரைப் பார்த்ததும் வீரப்பன் கையை ஆட்டினார். கார் மெதுவானது. கண்ணாடி இறங்கியது. உள்ளேயிருந்து ஒரு கேமரா நீண்டது... க்ளிக்! கண்ணாடி ஏறியது. கார் மேலே போய்விட்டது.

"இவங்களா இருக்காது சார். பொண்ணு பாக்க வர்றவங்க நிக்காமலா போவாங்க?"

இருக்காது என்றுதான் நானும் நினைத்தேன்.

பதினொரு மணிக்குள் வந்துவிடுவோம், நல்ல நேரம் அதோடு முடிகிறது என்று நாள் குறித்துச் சொல்லி அனுப்பியதே மாப்பிள்ளை வீடுதான். பதினொன்று போனது. மத்தியானம் போனது. வீரப்பனின் வேட்டி முழங்கால் வரை நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குப் போய்க் காத்திருக்கலாம் என்றேன். "அவங்க வந்து நின்னு, நாம இல்லேன்னா அசிங்கம்லா" என்றார். மனுஷன் நகரவில்லை.

சாயங்காலம் அதே நீலக் கார், இப்போது மேலேயிருந்து கீழே வந்தது. நின்றது.

விஷயம் இதுதான். வந்தவர்கள் சந்தியைத் தாண்டி, தானா ராத்தாவைத் தாண்டி, பிரிஞ்சாங்கையும் தாண்டி நேரே கியா பார்ம் காய்கறிச் சந்தைக்குப் போயிருக்கிறார்கள். முட்டைகோஸ் வாங்கியிருக்கிறார்கள். மக்காச்சோளம் அவித்துத் தின்றிருக்கிறார்கள். ஸ்ட்ராபெர்ரி வாங்கி, புளிக்கிறது என்று திட்டியிருக்கிறார்கள். பூச்செடி வாங்கியிருக்கிறார்கள். காரின் பின்பக்கம் மூட முடியாமல் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. பெண் எங்கே ஓடிவிடப் போகிறாள்? முட்டைகோஸ் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது?

"லேட்டாயிருச்சுங்க. ராகு காலம் வந்துருச்சோ?" என்று கேட்டபடி மாப்பிள்ளையின் அம்மா இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு மேல் வேறென்ன வரும்? யாரும் வாய் திறப்பதற்குள் அவரே ஒரு தீர்ப்பும் சொல்லிவிட்டார். "மலையிலே கொஞ்சம் தள்ளித்தான் வரும்!"

ராகுவும் அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து வளைவு வளைவாக வாந்தி எடுத்துக்கொண்டுதானே ஏறி வர வேண்டும்!

இந்த மலையில் குடியிருக்கும் பாவத்துக்கு நான் வருஷா வருஷம் கேட்கும் வசனங்கள் சில உண்டு. "நீங்க குடுத்து வச்சவங்க சார்." "ஏர்கானே வேணாம், கரண்டு மிச்சம்." "இந்தப் பச்சையைப் பாத்துக்கிட்டே உயிர் போயிடலாம்." சொல்லிவிட்டு ஒருவராவது இங்கே தங்கி உயிரை விட்டிருக்கிறாரா என்றால், இல்லை. இருட்டுவதற்குள் கீழே இறங்கிவிடுகிறார்கள். பாராட்டு நமக்கு, ஃபேன் காற்று அவர்களுக்கு.

இந்தக் குடும்பம் அத்தனை வசனத்தையும் வீட்டு வாசலிலேயே சொல்லி முடித்துவிட்டது.

வீடு என்றால் தோட்டத்து லைன் வீடு. தகரக் கூரை, இரண்டு அறை, பின்னால் அடுப்படி. செல்வியின் அம்மா மாரியாயி காலையில் சுட்ட பலகாரத்தை மூன்றாவது தடவையாகச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். செல்வி தானா ராத்தாவில் நர்ஸ். விடிந்ததிலிருந்து பட்டுப்புடவையில் உட்கார்ந்திருக்கிறாள், மேலே கம்பளிச் சட்டை போட்டுக்கொள்ளக் கூடாது என்ற உத்தரவோடு. முன்னே பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் "எஸ்டேட்டுப் பொண்ணா..." என்று இழுத்ததோடு சரி. இதாவது அமைய வேண்டுமே என்று மாரியாயி வேண்டாத சாமி இல்லை.

செல்வி காபி கொண்டுவந்தாள். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

"ஏம்மா, பொடவையிலே ஏதோ பொகை வாடை அடிக்குது?"

அடிக்கத்தான் செய்யும். மலையில் துணி காயாது, வாசகர்களே. இதை எந்த வாழ்த்து அட்டையிலும் போட மாட்டார்கள். இங்கே வெயில் வந்தால் அது விருந்தாளி, மழைதான் வீட்டுக்காரன். துவைத்த துணியை அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போட வேண்டும். புகையில் காய்ந்து, புகையாகவே மணக்கும். பள்ளிக்கூடத்துச் சட்டை, தலையணை உறை, பட்டுப்புடவை... எல்லாவற்றுக்கும் ஒரே சென்ட். சொர்க்கம், சொர்க்கம் என்கிறீர்களே, சொர்க்கத்தில் எவனாவது அடுப்புக்கு மேலே கொடி கட்டியதாகக் கேள்விப்பட்டதுண்டா?

மாரியாயிக்கு முகம் செத்துவிட்டது. "அடுப்பு மேலேதாம்மா காய வைக்கணும்" என்றார், ஏதோ திருடிப் பிடிபட்டவரைப் போல. எனக்குக் கோபம் வந்தது. கவர்மெண்டு ஆள் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கைக் கடித்தேன்.

அப்புறம் அந்த அம்மாவுக்குக் கொழுந்து பறிப்பதைப் பார்க்க ஆசை வந்தது. ஞாயிறு வேலை இல்லை என்று சொன்னதற்கு, "நீங்க சும்மா ரெண்டு எலை கிள்ளிக் காட்டுங்களேன், படம் எடுத்துக்குறோம்" என்று மாரியாயியைக் கேட்டார்.

"இப்பல்லாம் கையாலே கிள்ளுறதில்லம்மா. கத்தரிதான். கத்தரியாலே வெட்டிக் கூடையிலே கொட்டுறது."

"கத்தரியா! அது படத்துக்கு நல்லா இருக்காதே" என்றார் அந்த அம்மா. உண்மையாகவே ஏமாற்றம்.

"பரவால்லம்மா" என்று மாப்பிள்ளையின் தங்கை தேற்றினாள். "காலையிலே சூப்பரா ஒண்ணு எடுத்தேன்ல. பனியிலே ஒரு பெரியவர் கொடையப் பிடிச்சிக்கிட்டு நின்னாரே... நம்மளப் பாத்துக் கைய கூட ஆட்டுனாரு. அத பெருசாக்கி ஹால்லே மாட்டலாம்."

வெற்றிலைத் தட்டோடு நின்ற வீரப்பன் மெதுவாகச் சொன்னார்.

"அது நான்தாம்மா."

வெட்கப்படுவார்கள், மன்னிப்புக் கேட்பார்கள் என்றுதானே எதிர்பார்ப்பீர்கள்? நானும்தான். மாப்பிள்ளையின் தங்கை கைதட்டிச் சிரித்தாள். "அட, அப்படியா அங்கிள்! ரொம்ப நேச்சுரலா நின்னீங்க!"

செல்வி அப்பாவின் நனைந்த வேட்டியைப் பார்த்தாள்.

மாப்பிள்ளை கணேசனைக் குறை சொல்ல மாட்டேன். அரசாங்க கிளார்க், அடக்கமான பையன். பெண்ணோடு இரண்டு வார்த்தை பேசட்டும் என்று முன் அறையில் விட்டார்கள். நாங்கள் அடுப்படிக்கு ஒதுங்கினோம். நடுவில் ஒரு பலகைச் சுவர். ஒதுங்கி என்ன பிரயோஜனம், எல்லாம் கேட்டது.

"கல்யாணத்துக்கு அப்புறம் ஒங்களுக்கு என்ன ஆசை?"

"துணி காயிற ஊருலே இருக்கணும்" என்றாள் செல்வி. "காலையிலே தொவச்சுப் போட்டா மத்தியானம் மொறமொறன்னு எடுக்கணும். வேற ஆசை ஒண்ணும் இல்ல."

அவன் சிரித்தான். நல்ல ஜோக் என்று நினைத்துவிட்டான். "நான் வேற யோசிச்சு வச்சிருக்கேன். இந்த மலைக்கே மாத்தல் கேக்கப் போறேன். வரும்போதே முடிவு பண்ணிட்டேன். என்னா ஊருங்க இது! ஒங்கள எங்கேயும் கூட்டிட்டுப் போக மாட்டேன், பயப்படாதீங்க."

இந்த மலையை விட்டு இறங்க மாற்றல் கேட்டு மனுப் போட்டே எனக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. ஏறி வருவதற்கு ஒருவன் மனுப் போடுகிறானாம்! பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் செல்வி காபி டம்ளர்களை அடுக்கும் சத்தம் கேட்டது.

புறப்படும்போது மழை கொட்டியது. இருந்தது ஒரே குடை. காருக்குப் போகும் வரை அதை மாப்பிள்ளையின் அம்மாவின் தலைக்கு மேல் பிடித்தவள் செல்வி. அந்த அம்மா நனையவில்லை. பூச்செடி நனையக் கூடாது என்று அதற்கும் கொஞ்சம் குடையைச் சாய்க்கச் சொன்னார். செல்வி தலையிலிருந்து கால் வரை சொட்டச் சொட்ட வீட்டுக்குத் திரும்பினாள்.

மூன்று நாள் கழித்து என் அலுவலகத்துக்கு மாப்பிள்ளையின் அம்மாவிடமிருந்து போன் வந்தது. தோட்டத்து லைனில் போன் ஏது? அதனால் தூது நான். "பொண்ணு புடிச்சிருக்குங்க. கல்யாணத்தையும் மலை மேலேயே வச்சுக்கலாம், படம் நல்லா விழும். தம்பி மாத்தலுக்கு எழுதப் போறான். அப்படியே ஒரு வாடகை வீடு பாத்து வைங்க, சன்னலத் தொறந்தா மலை தெரியணும்."

அன்று சாயங்காலமே தோட்டத்துக்குப் போய்ச் சொன்னேன். மாரியாயி கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணில் தண்ணீர். "மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா" என்றார். வீரப்பன் மகளைப் பார்த்தார்.

"நீ என்னம்மா சொல்றே?"

செல்வி கொடியில் கிடந்த புடவையை மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பாமலே என்னிடம் பேசினாள்.

"அவரு நல்லவருதான், மாமா. ஆனா அவங்க பொண்ணு பாக்கவா வந்தாங்க? ஊரத்தானே பாத்தாங்க. புடிச்சிருக்குன்னு சொன்னதும் ஊரத்தான். அப்ப ஊரையே கட்டிக்கச் சொல்லுங்க."

"அடிப் பாவி!" என்று மாரியாயி தலையில் கை வைத்தார். "வந்த ஒண்ணையும் வெரட்டுறியேடி. இனி யாருடி இந்தக் குளிருலே ஏறி வருவா?"

"ஏறி வர வேணாம்மா. எறக்கிக் கூட்டிட்டுப் போறவங்க வந்தா போதும்."

மாரியாயி விசும்பினார். நியாயமான அழுகைதான். வீரப்பன் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார். "சூசா இல்ல, ஒரு கஷ்டமும் இல்ல, விடுங்க சார்" என்றார். "வேணாம்னு சொல்லிடுங்க. நாள் பூரா கொடையப் பிடிச்சிக்கிட்டு நின்னேன். அவங்க கண்ணுக்கு நானும் ஒரு மரம்தானே? எம் மவளும் மரமாயிட வேணாம்."

மறுநாள் போனில் சொல்லிவிட்டேன். அந்த அம்மாவுக்கு நம்பவே முடியவில்லை. "அவ்வளவு அழகான எடத்துலே இருந்துக்கிட்டு மனசு ஏன் இப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்டார். எடுத்த படங்களைக் கழுவியதும் ஒரு பிரதி அனுப்புவதாகவும் சொன்னார்.

அழகான இடம்தான், யார் இல்லையென்றது? கிள்ளானில் ஒரு ஹாலில் ஃபேன் காற்றுக்குக் கீழே வீரப்பன் இனி ஆயுசுக்கும் நனைந்துகொண்டு நிற்கப் போகிறார். வருகிறவர்களெல்லாம் பார்த்து, குடுத்து வச்சவரு என்பார்கள்.

செல்வியின் பட்டுப்புடவையா? இதை எழுதும் வரை காயவில்லை.