வளைவில் ஆடும் சிலாப்பு

எங்கள் லைன் வீடுகளிலிருந்து கம்பெனிகளுக்குப் போகிற சந்தில் இரண்டு பேர் தோளோடு தோள் நடந்தால் மூன்றாவது ஆளுக்கு இடம் இல்லை. ஒரு பக்கம் பனியன் கம்பெனியின் காம்பவுண்டுச் சுவர். மறுபக்கம் ஓடையை ஒட்டிப் போட்ட முள்கம்பி வேலி. நடுவில் சாக்கடை ஓடுகிறது. அதை மூடி வரிசையாகப் போட்ட சிமெண்டு சிலாப்புகள்தான் எங்களுக்குப் பாதை. டூவீலர் நுழையக் கூடாதென்று இரண்டு முனையிலும் கல் நட்டிருக்கிறார்கள். சைக்கிள் நுழைந்துவிடும். காலையில் சங்கு ஊதுவதற்கு முன்னால் வேலைக்குப் போகிற பெண்கள் சாப்பாட்டுப் பையை ஆட்டிக்கொண்டு கதை பேசியபடி நடப்பார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் மணியை அடித்தபடி சைக்கிள்கள் வந்துகொண்டே இருக்கும்.

சைக்கிளைவிட அதன் மேல் இருக்கும் மூட்டைதான் எனக்குப் பயம். வெட்டிய பனியன் துணியைத் தைக்கிற இடத்துக்குக் கொண்டுபோகிறவர்கள், மூட்டையைக் கேரியரில் குறுக்காக வைத்து வேஸ்ட் துணிக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரிவது ஹேண்டில்பார் மட்டும். அது நுழைகிற இடத்தில் எல்லாமே நுழைந்துவிடும் என்று மிதிப்பார். பின்னால் மூட்டை இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு வருவது அவர் நினைப்பில் இருக்காது.

மணி அடித்தால் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்பார்கள். எங்கள் வீட்டுக்காரருக்கு மணி கேட்காது.

சாமளாபுரம் பக்கம் தறிக்குடோனில் வயசுக் காலம் முழுக்கத் தறி ஓட்டியவர் அவர். அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் காதைத் தின்றுவிட்டது. இப்போது இங்கே ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்சனில் இருக்கிறார். முகத்துக்கு நேராக நின்று பேசினால், வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார். தறிக்குடோனில் எல்லோரும் அப்படித்தானே பேசிக்கொள்வார்கள். பின்னாலிருந்து கூப்பிட்டால் ஒன்றும் தெரியாது. காதில் மாட்டுகிற மிஷின் வாங்கினோம். ஃபேன் சத்தமும் பேச்சும் ஒன்றாகக் கலந்து தலைவலிக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். அவர் சந்துக்குள் நுழைகிற நேரம் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் என் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நான் பார்க்கிற பீஸில் ஓட்டை இருந்தாலும் கண்ணில் படாது.

முன்பெல்லாம் சந்தின் சிலாப்புகள் ஆடும். சைக்கிள் ஏறினால் வரிசையாக 'டொக், டொக்' என்று அடிக்கும். ஒரு நாள் தூக்கிக்கொண்டு நின்ற விளிம்பில் இடறி என் கால் பெருவிரல் நகம் பெயர்ந்தது. காது நன்றாகக் கேட்கிற எனக்கே இப்படி என்றால் அவருக்கு என்ன ஆகும் என்ற நினைப்பு பிடித்துக்கொண்டது. சாக்கடைக்குள் கால் மாட்டி அவர் கிடப்பதுபோலவும், பின்னால் வருகிற சைக்கிள் மேலேயே ஏறுவதுபோலவும் சோற்றைப் பிசையும்போதுகூடத் தோன்றும்.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்டால் பெஞ்சுக்குக் கீழே பார்ப்பேன். அப்படிப்பட்டவள், கவுன்சிலர் எங்கள் பக்கம் வந்த அன்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

"ஏனுங்க, சித்தெ இந்தச் சந்துல ஒருக்கா நடந்து பாருங்க. ஒரு சிலாப்பாவது ஆடாம இருந்தா நாங்க வாயே தொறக்கலீங்க" என்றேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

கொத்தனார்கள் வந்தார்கள். எல்லாச் சிலாப்பையும் தூக்கி, மட்டம் பார்த்து, சிமெண்டு கலவை வைத்துப் பூசினார்கள். சந்து வழவழவென்று ஆனது. பக்கத்து வீட்டுப் பெண், "அக்கா, அடுத்த எலக்சன்ல நீங்களே நின்னுருங்க" என்று கிண்டல் செய்தாள். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் அன்று சாயந்திரம் சந்தின் முனையில் நின்று சிலாப்பைக் காலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை நன்றாக இருக்கிறது என்று பார்க்கிறார் என நினைத்தேன்.

சில நாள் கழித்து, நான் வேலை முடிந்து வந்து அடுப்பு பற்ற வைத்த நேரம். வெளியே யாரோ சத்தம் போட்டுக்கொண்டே வருவது கேட்டது. எட்டிப் பார்த்தால் முன்னால் எங்கள் வீட்டுக்காரர். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சுவரில் தேய்த்த சிராய்ப்பு, சட்டையெல்லாம் ரத்தம். பக்கத்தில் மூட்டையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சத்தம் போட்டு வந்தவர் பேச்சில் தெற்கத்திக்காரர் என்று தெரிந்தது.

"எக்கா, இவுக உங்க வீடா? வளைவுலருந்து மணி அடிச்சிக்கிட்டே வாறேன், ஒதுங்கவே மாட்டேங்காக. காதுல என்ன, பஞ்சா வச்சிருக்காக?"

"அவருக்குக் காது கேக்காதுங்க."

சைக்கிள்காரர் முகம் செத்துப்போனது. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, "மொதல்லயே சொல்லப்படாதாக்கா? ஹேண்டில்பார் தாண்டிப் போயிட்டு. மூட்டைதான் தட்டிப்போட்டு" என்றார்.

"முதுகுல எழுதி ஒட்டிட்டா நடப்பாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரர் சிரித்தார். "காதுல பஞ்சு இல்லீங்ணா. பஞ்சுலதான் காது போச்சு. போச்சாது உடுங்க, தண்ணி குடிச்சுட்டுப் போங்க" என்றார். அந்த மனிதர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, போகும்போது மூட்டையை அவிழ்த்து நீளவாக்கில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார்.

சிராய்ப்புக்கு மஞ்சள் வைத்துக் கட்டும்போதுதான் எங்கள் வீட்டுக்காரர் சொன்னார்.

"சிலாப்பு ஆடறதே இல்ல புள்ள."

"அது நல்லதுதானுங்க?"

"எனக்கு அதுதானே மணி."

எனக்குப் புரியவில்லை. அவர் தன் பாதத்தைத் தரையில் தட்டிக் காட்டினார். குடோனில் அத்தனை தறியும் ஒன்றாக ஓடும்போது எந்தத் தறி நின்றது என்று தறிக்காரனுக்குக் காது சொல்லாதாம். தரை அதிர்கிற விதம் மாறுவதைக் கால்தான் சொல்லுமாம். அதேபோலத்தான் சந்திலும் நடந்திருக்கிறார். பின்னால் சைக்கிள் ஏறியதும் சிலாப்பு சிலாப்பாக ஆட்டம் ஓடி வந்து உள்ளங்காலைத் தொடும். அவர் சுவரோரம் ஒதுங்கி நிற்பார். இத்தனை நாளும் யாரும் மோதாமல் வந்தது அப்படித்தான்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்க" என்றேன்.

"நீ கவுன்சிலர்ட்ட பேசிட்டு வந்து மொகமெல்லாம் மலர்ந்து நின்னியே. அதுல எப்புடிச் சொல்றது?"

அன்றிரவு எனக்குத் தூக்கம் எங்கே வரும்? சட்டையின் முதுகில் பளிச்சென்று ஒரு துணி தைத்துவிடலாமா என்று கேட்டேன். எந்த மூலை வீட்டில் என்ன ஊனம் என்று ஊருக்குக் காட்டவா என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் முதல் நானே அவர் பின்னால் நடந்தேன். மணிச் சத்தம் வந்தால் தோளில் ஒரு தட்டு. தட்டியதும் ஒதுங்குவார். ஆனால் அவருக்குப் பிடிக்கவில்லை. "மாட்ட ஓட்டிட்டுப் போற மாதிரி இருக்குது" என்றார். என் கம்பெனி வேறு பக்கம். அவரைச் சந்து தாண்டி விட்டுவிட்டு நான் திரும்பி ஓட வேண்டும். தினமும் தாமதமானது.

"ஏனுங்க்கா, சங்கு ஊதறது கேக்கலீங்களா?" என்று சூப்பர்வைசர் கேட்டார்.

"எங்க வீட்டுல ஒருத்தருக்குத்தானுங்க கேக்காது" என்றேன். டேபிளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் குடிதண்ணீர்க் குழாய் போடுகிறவர்கள் வந்தார்கள். வளைவில், சுவர் உள்ளே தள்ளிக்கொண்டு வந்து பாதை இன்னும் ஒடுங்குகிற இடத்தில், ஒரு சிலாப்பை உடைக்காமல் கிளப்பி, குழாயை இறக்கி, சிலாப்பைத் திரும்பப் போட்டார்கள். கலவை வைக்கவில்லை. அன்று சாயந்திரம் அவர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"வளைவுல ஒண்ணு ஆடுது புள்ள. நல்லாவே ஆடுது. நாளையிலிருந்து நீ உன் வேலைக்குப் போ."

சைக்கிள்கள் கண்மூடித்தனமாகத் திரும்புகிற இடம் அதுதான். மற்ற இடத்தில் அவர் சுவரைத் தொட்டுக்கொண்டு, அவ்வப்போது திரும்பிப் பார்த்துக்கொண்டு போய்விடுவார். வளைவில் திரும்பிப் பார்த்தாலும் சுவர்தான் தெரியும்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இடுப்பில் கைக்குழந்தை. அவள் மறுநாளே வந்தாள். "அக்கா, பைப்புக்காரங்க சிலாப்ப அப்புடியே போட்டுட்டுப் போயிட்டாங்க பாத்தீங்களா? புள்ளையோட வுழுந்திருப்பேன். நீங்க சொன்னாத்தான் கவுன்சிலர் கேப்பாரு."

"சொல்றேன் கண்ணு" என்றேன்.

சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாள் போகிறது. சொன்னால் கலவை வைத்துப் பூசிவிடுவார்கள், எங்கள் வீட்டுக்காரர் விழுவார். சொல்லாவிட்டால் அவள் விழுவாள், குழந்தையும் சேர்ந்து விழும். அவளிடம் போய் விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று அவரிடம் கேட்டேன். தலையை ஆட்டி மறுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ஞாயிற்றுக்கிழமை பெயிண்டுக் கடையில் மிச்சமான மஞ்சள் பெயிண்டு கேட்டு வாங்கி வந்தார். அவரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த ஒரு சிலாப்பு முழுவதும் மஞ்சள் அடித்தார். குழந்தையோடு பார்த்துக்கொண்டு நின்றவள், "இத எதுக்குண்ணா பெயிண்டு அடிக்கறீங்க? சிமெண்டே பூசிரலாமில்ல?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம் தன் காதைத் தொட்டுக் காட்டி, காலைச் சிலாப்பில் வைத்து ஆட்டிக் காட்டினார். அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, அந்த மஞ்சளை ஓர் எட்டில் தாண்டி நடந்து காட்டினாள்.

இப்போது நான் நேரத்துக்கு வேலைக்குப் போகிறேன். பயம் போகவில்லை. ராத்திரியில் அந்த மஞ்சள் யாருக்குத் தெரியும், மழை பெய்தால் வழுக்காதா என்று ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. சாயந்திரம் பாத்திரம் கழுவும்போது குழாயை மூடிவிட்டுக் காதைக் கொடுப்பேன். வளைவிலிருந்து 'டொக்' என்று வரும். பின்னாலேயே சைக்கிள் மணி ஒன்று நிற்காமல் என் வாசலைத் தாண்டிப் போகும். அதற்குப் பிறகு அவர் செருப்புச் சத்தம் வருகிறவரை குழாயைத் திறக்க மாட்டேன்.