சுகந்தி அழித்த ஒலிப்பதிவுகள்

சுகந்தி இறந்த செய்தி எனக்குக் கல்லூரியின் வாட்ஸப் குழுவில்தான் வந்தது. மாலை போட்ட படம், கீழே ‘எங்கள் கல்லூரிக் குடும்பத்தின் ஒளிவிளக்கு முனைவர் சுகந்தி’ என்ற வரி, அதற்கும் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். அவர் முனைவர் அல்ல. அந்தப் பட்டம் கிடைக்காமல் செய்தவர்களே, செத்த பிறகு அதை அவர் பெயருக்கு முன்னால் ஒட்டியிருக்கிறார்கள். அவரை அறிந்த உங்களில் பலருக்கும் அதைப் பார்த்து வயிறு எரிந்திருக்கும். அதனால்தான் நடந்ததை எழுதுகிறேன்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தனியார் மேலாண்மைக் கல்லூரியில் நாங்கள் ஒரே துறையில் இருந்தோம். நிறுவன நடத்தையியல் எங்கள் பாடம். வேலை செய்யும் இடத்தில் மனிதர்கள் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்க்கிற படிப்பு. முதல் வகுப்பிலேயே சுகந்தி சொல்லிவிடுவார்: “ஆளுங்கள எப்படி வேலை வாங்கறதுன்னு கத்துக்க வந்திருந்தா, இது அந்தப் பாடம் இல்ல.”

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை, பெண்கள் சேர்ந்த சில மாதங்களிலேயே ஏன் வேலையை விட்டுப் போகிறார்கள் என்று ஆராய எங்கள் கல்லூரியைக் கேட்டது. சுகந்தி தன் முனைவர் பட்ட ஆய்வையும் அதிலேயே அமைத்துக்கொண்டார். முதலில் கேள்வித்தாள் கொடுத்தோம். கேன்டீனில் சூப்பர்வைசர் மேசை மேசையாக நடந்துகொண்டிருக்க, அத்தனை பேரும் ‘மிகவும் திருப்தி’ என்று குறித்துக் கொடுத்தார்கள். மனிதவள மேலாளருக்குச் சந்தோஷம். சுகந்தி தாள்களை ஒதுக்கி வைத்தார். “தலைக்கு மேல அவரு நின்னா நானும் இப்படித்தான் சார் எழுதுவேன். இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.”

பிறகு தொழிற்சாலைக்குப் பக்கத்தில், சுங்குவார்சத்திரத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினார். ஷிப்ட் முடிந்து வரும் பெண்களோடு உட்கார்ந்து பேசினார். பெயரை யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்த பிறகே செல்போனில் பதிவு செய்வார். சில நாள் நானும் கூடப் போயிருக்கிறேன். கல்யாணம் ஆனால் போய்விடுவார்கள் என்று நிர்வாகம் சொன்ன காரணம் அந்தப் பேச்சில் வரவே இல்லை. பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. எந்த ஊர் என்று இங்கே எழுத மாட்டேன். “கூடவே பேசிக்கினு இருந்த பொண்ண வேற லைனுக்குத் தூக்கிட்டாங்க மேடம். நாங்க இன்னா தப்பு பண்ணோம்? இப்ப அழுதாக்கூட இன்னான்னு கேக்க ஆளில்ல.” தெற்கத்தி ஊர்களிலிருந்து வந்து விடுதியில் இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். நாலு பேர் சிநேகமானால் போதும், கூட்டம் சேர்கிறார்கள் என்று பயந்து பிரித்துவிடுவது அங்கே வழக்கம். தனியாகிப் போனவர்கள்தான் வேலையை விட்டுப் போனார்கள். சுகந்தி அதை அப்படியே எழுதிக் கொடுத்தார்.

அறிக்கையைப் படித்த மேலாளர் கேட்டது ஒன்றுதான். “யார் யார் சொன்னது? பேர் குடுங்க.”

“பேர் சொல்ல மாட்டேன்னு சொல்லித்தான் கேட்டேன் சார்.”

மறுநாள் கல்லூரி முதல்வர் அழைத்தார். அந்தத் தொழிற்சாலை எங்கள் மாணவர்களுக்கு வேலை கொடுக்கும் இடம். பதிவுகள் கல்லூரிக்குச் சொந்தம், உடனே ஒப்படைக்க வேண்டும் என்றார். சுகந்தி என் அறைக்கு வந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினார்.

“ஆய்வே போயிடும் சுகந்தி. பேரை மட்டும் வெட்டிட்டுக் குடுத்துடலாமே” என்றேன்.

“குரலைக் கேட்டா அந்த சூப்பர்வைசருக்குத் தெரியாதா?”

எல்லாவற்றையும் அழித்து முடித்த பிறகுதான் அழுதார்.

ஆதாரம் இல்லாத ஆய்வுக்குப் பட்டம் ஏது? ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் வேலையும் போயிற்று. அறிக்கையை வேறொருவர் திருத்தி எழுதினார். பெண்களுக்கு மனஉறுதி போதாது, தன்னம்பிக்கைப் பேச்சாளர் தேவை என்பது அதில் கண்ட முடிவு. பேச்சாளர் வந்தார், எல்லாரையும் கைதட்டச் சொன்னார், போனார். பெண்களைப் பிரிப்பது இன்றைக்கும் நடக்கிறது. சுகந்தி குன்றத்தூரில் டியூஷன் எடுத்துப் பிழைத்தார். புற்றுநோயில் படுத்தபோது, இன்று கைகூப்புகிறவர்களில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அவர் இழந்ததற்குப் பலன் கிடைத்தது என்று எழுதினால் அது பொய்.

குன்றத்தூரில் உடலை எடுக்கும் நேரத்தில், அந்தக் கம்பெனிச் சீருடையோடு ஒரு பெண் வந்து என் பக்கத்தில் நின்றாள். “மேடம்கிட்ட அன்னிக்கு நானும் பேசுனேங்க. இன்னும் அதே கம்பெனிலதான் கீறேன். நான் பேசுனது யாருக்கும் தெரியாது.”

பெயரைக் கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. சுகந்தியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அதுதான்.